கம்பத்தைப் புதைக்கச் சொன்ன கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குறைந்த செலவு வீட்டுக் கட்டுரையில் ஒரு வரி: ‘மரக் கம்பங்களைக் குழியில் நிறுத்திக் கான்கிரீட் கொட்டிவிட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை.’ கவலைப்படக் கம்பம் மிஞ்சினால்தானே!

கம்பம் காய்ந்து சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே இடுக்கு விழும். அதில் இறங்கிய நீர் வெளியேறாது. ஈரமும் காற்றும் சேரும் தரைமட்டத்தில்தான் மரம் முதலில் இற்றுப்போகும். பழைய கம்பத்தைப் பிடுங்கிப் பார்த்த எவருக்கும் இது தெரியும். பட்டை உரித்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தது கூடத் தப்பாது. ஈர மண்ணில் அந்த மருந்து கரைந்து போய்விடும். தரைக்கு மேல் ஓர் அடியாவது உயர்ந்த கல்லின்மேல், இரும்புக் கம்பியால் பிணைத்து நிறுத்த வேண்டும். ஊன்றாத கம்பம் தானாக நிற்காது என்பதால் மூலைகளில் சாய்வுக்கட்டைகளும் தேவை. கூரையை முதலில் போட்டுவிட்டு அதன் கீழ் மழைக்கு அஞ்சாமல், பலகைகளுக்கு நடுவே மண்ணை இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பலாம், கம்பத்தின் பெரிய லாபமே அதுதான். கட்டுரையில் அதைக் காணோம்.

முன்பொரு மழைக்காலத்தில் கரைந்த சுவரின் படத்தைப் போட்டு ‘இடித்த மண்ணின் கதி’ என்றீர்கள். படத்தில் இருந்தது சுடாத பச்சைச் செங்கல். கூரைக்கு ஒரு சாண் இறவாரம்கூட இல்லை. அது போகட்டும் என்றால், கேள்வி பதிலில் ‘மண்ணைச் சேறாகக் குழைத்து இடிக்கவும்’ என்று வந்தது. சேற்றை இடித்தால் இடிகட்டையான திமிசில் ஒட்டும், இறுகாது, காய்ந்ததும் வெடிக்கும். ஈரம் எடையில் சுமார் 10 சதவீதம் போதும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியானால் ஈரம் குறைவு, தட்டையாக அப்பிக்கொண்டால் அதிகம். வேரும் தழையும் கலந்த மேல்மண் உதவாது. அடியிலுள்ள மண்ணில் களிமண் 15 முதல் 30 சதவீதம், மீதி மணலும் பொடிச்சரளையும். பலகைகளுக்கு நடுவே 15 செ.மீ. கொட்டி, சுமார் 10 செ.மீ. ஆகும்வரை, மந்தமாகக் கேட்கும் ஓசை கணீரென்று மாறும்வரை இடிக்க வேண்டும். தாங்கள் அறியாததா இது? அறிந்தும் அச்சிட்டதுதான் வருத்தம்.

எல்லாவற்றையும் திருத்தச் சொல்லவில்லை. கான்கிரீட் வரிக்கு மட்டும் அடுத்த இதழில் மறுப்பு போடுங்கள். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தவறியதற்குப் பெட்டி கட்டி வருந்திய இதழ் தங்களுடையது. இதற்கு இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்