ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பட்டதாரி என்று நிரூபிக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 மார்ச்சில் நடந்த ஆந்திர சட்ட மேலவைத் தேர்தல் முடிவுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்திகளை ஒன்று விடாமல் படித்தேன். பட்டதாரிகள் மட்டுமே ஓட்டுப் போடும் மூன்று பட்டதாரித் தொகுதிகளும் தெலுங்கு தேசம் கட்சிக்குப் போனது, ஆசிரியர் தொகுதிகள் இரண்டையும் ஆளுங்கட்சியாக இருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பிடித்தது, எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்ட தேர்தலில் தெலுங்கு தேசத்தின் பஞ்சுமர்த்தி அனுராதா 23 ஓட்டு வாங்கி ஜெயித்தது, மறுநாளே ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் நான்கு பேர் சஸ்பெண்ட் ஆனது என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் அந்த ஓட்டைப் போட்ட பட்டதாரிகளைப் பற்றியோ, போட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியோ எதையும் காணோம்.

நான் சித்தூரில் இருக்கிறேன். மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊர் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. படிப்புக்கு வேலூர் பக்கம்தான் போவோம். நானும் அங்கேதான் பி.காம். முடித்தேன். எங்கள் வீட்டில் பட்டதாரி ஓட்டு எனக்கு மட்டும்தான்.

2017-ல் எங்கள் பட்டதாரித் தொகுதிக்குத் தேர்தல் வந்தபோது வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதே என்று நம்பி வாக்குச்சாவடிக்குப் போனேன். பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பட்டதாரிகளுக்குத் தனிப் பட்டியல், அதற்குப் படிவம் 18-ஐ நிரப்பித் தரவேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் அப்புறம் தெரிந்தது. இந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் முதலிலிருந்து புதிதாகத் தயாரிக்கிறார்கள். போன முறை பெயர் இருந்தவரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தல் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறினால் பொதுவாக அடுத்த தேர்தலுக்கும் அப்படியே இருக்கிறது. பட்டதாரிக்கு மட்டும் ஏன் இப்படி? ஒருமுறை வாங்கிய பட்டம் காலாவதி ஆகிவிடுமா?

இந்த முறை விடக்கூடாது என்று அக்டோபரிலேயே படிவத்தை வாங்கிவிட்டேன். 2022 நவம்பர் 1-ம் தேதிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பெயரில் வந்தது. என் பட்டச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலோடு என் பெயர். ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னால் நிற்கிறது. தெலுங்குக் குடும்பங்களில் இது வழக்கம். நாங்களும் ஊரோடு ஒத்துப்போக அப்படியே எழுதிக்கொண்டோம். விண்ணப்பத்தை வாங்கிய ஊழியர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டார். அடுத்த கேள்வி, "இது தமிழ்நாட்டுப் பட்டமாச்சே, இங்கே செல்லுமா?" இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் செல்லும், நீங்கள் குடியிருக்கும் தொகுதியில் ஓட்டு உண்டு. அதை அந்த அலுவலகத்திலேயே யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கல்யாணப் பதிவுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அதிகாரி கையெழுத்திட்ட ஜெராக்ஸ் என்று மூன்று தடவை அலைந்தேன். மூன்று நாள் அரைச் சம்பளம் போனது. என்னோடு வேலூரில் படித்த ஒருத்தி இரண்டாவது தடவையிலேயே, "விடு, யாருக்கு வேணும் இந்த ஓட்டு" என்று வந்துவிட்டாள். அவளுக்கு இருக்கும் உரிமை எனக்கு இருப்பதில் இம்மியும் குறைந்ததில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

புதிதாகத் தயாரித்தால்தான் போலி ஓட்டு வராது என்று காரணம் சொல்கிறார்கள். சரி, இந்த முறை வராமல் இருந்ததா? பட்டமே வாங்காதவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று திருப்பதியில் எதிர்க்கட்சிகள் எவ்வளவு புகார் கொடுத்தன என்பது உங்கள் நிருபர்களுக்கே தெரியும். உண்மையான பட்டதாரியை அலைக்கழிப்பதால் போலி நின்றுவிடவில்லை. இருக்கிற பட்டியலை வைத்துக்கொண்டு, இறந்தவர் பெயரையும் இடம் மாறியவர் பெயரையும் நீக்கி, புதிதாகப் பட்டம் வாங்கியவர்களைச் சேர்த்தால் போதும். யார் எப்போது தேறினார்கள் என்ற பதிவு பல்கலைக்கழகங்களிடம் இருக்கிறது. அங்கே கேட்டுச் சரிபார்க்கட்டும்.

மார்ச் 13-ம் தேதி ஓட்டுப் போட்டேன். இயந்திரம் கிடையாது, சின்னம் கிடையாது. நீளமான தாளில் வேட்பாளர் பெயர்கள் தெலுங்கில் வரிசையாக இருந்தன. அங்கே கொடுக்கும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் நமக்குப் பிடித்தவர் பெயருக்கு நேராக 1, அடுத்தவருக்கு 2 என்று எண்ணாக எழுத வேண்டும். 1 கட்டாயம், மற்றவை நம் விருப்பம். அந்த 1 என்ற கோட்டைப் போடும்போது எனக்குக் கை நடுங்கியது. பரீட்சைத் தாளில்கூட அப்படி நடுங்கியதில்லை.

மறுநாள் தொழிற்சாலையில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் பிரிவில் எம்.சி.ஏ. படித்த தம்பி ஒருவர், "நான் என் பேனாவிலேயே பெரிசா டிக் போட்டேன்க்கா" என்றார். டிக் போட்டால் செல்லாது, சொந்தப் பேனாவும் கூடாது என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அவரும் என்னைப்போலவே நடையாய் நடந்து பெயர் சேர்த்தவர். படித்தவர்களே செல்லாத ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேலி செய்வது சுலபம். பதினெட்டு வயதிலிருந்து பொத்தானை அமுக்கியே பழகியவருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு நாலு தடவை வந்து வேட்பாளர் படம் போட்ட துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். ஒன்றில்கூட எப்படி எழுத வேண்டும் என்று பெரிதாகப் போடவில்லை.

எங்கள் தொகுதியின் ஓட்டுகளைச் சித்தூரிலேயே எண்ணினார்கள். செல்லாதவற்றைக் கழித்துவிட்டு, மீதியில் பாதிக்கு மேல் ஒன்று வாங்கினால் வெற்றி. முதல் விருப்ப ஓட்டில் யாருக்கும் அது கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை விலக்கி, அவர் தாள்களில் இரண்டாவது விருப்பம் யாருக்கு என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இன்னொரு பட்டதாரித் தொகுதியான மேற்கு ராயலசீமாவின் முடிவு மார்ச் 18 ராத்திரிதான் வந்தது. 2 என்று எழுதிய எண்ணுக்கும் அங்கே உயிர் இருந்தது. இப்படி எண்ணும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த மேலவையை 1985-ல் கலைத்தார்கள், 2007-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் மறுபடி கலைக்கத் தீர்மானம் போட்டு, 2021 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 1986-ல் போனது இன்னும் வரவில்லை. மேலவை வேண்டுமா என்று அங்கே பேச்சு எழும்போதெல்லாம் தோற்றவர்களுக்குப் பதவி கொடுக்கும் இடம் என்றுதான் வாசகர் கடிதங்கள் வருகின்றன. எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் இடங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பட்டதாரித் தொகுதியை அதோடு சேர்க்காதீர்கள். எங்களுக்குப் பதவியும் இல்லை, கொறடாவும் இல்லை. ஆளுங்கட்சி வலுவாக இருக்கும்போதே எங்கள் மனதில் பட்டதை எழுதிவிட்டு வந்தோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்கு அடுத்த தேர்தல் 2029-ல். பட்டியல் அறிவிப்பு அதற்கு முந்தைய அக்டோபரில் வரும். அன்றைக்கு, படிவம் 18, கடைசித் தேதி, வேறு மாநிலப் பட்டமும் செல்லும் என்ற மூன்றையும் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் உங்கள் நாளிதழைப் படிக்கிற பட்டதாரிகள் இருக்கிறார்கள். என் தோழியை நானே கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன். அவளுடைய சான்றிதழ் ஜெராக்ஸ் இப்போதே என் பீரோவில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சித்தூர்.