ஞாயிறு காலை பிரட்டுக்களத்துக்கு வாங்க

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிகள் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 8 உலக மூளைக் கட்டி தினம். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஞாயிறு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கூடி, நம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ப் பேசப் போகிறோம்.

என் சித்தப்பாவுக்குக் காலையில் எழும்பும்போதே தலைவலி, வாந்தி. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் இரண்டாகத் தெரிகிறது என்றார். மூளைக் கட்டி என்று தெரியுமுன் பனடோலும் திருநீறுமாக ஆறு மாதம் போய்விட்டது. அந்த ஆறு மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

எல்லாத் தலைவலியும் கட்டி இல்லை, யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஆனால் நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பெரியவருக்குப் புதிதாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் இருந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்காமல் பக்கவாட்டில் படுக்க வைக்கணும். இலங்கையில் 1990 என்ற நம்பருக்குப் போன் எடுத்தால் ஆம்புலன்ஸ் இலவசம்.

அப்புறம் உண்டியல். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் கண்டி ஆஸ்பத்திரிக்கும் மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போய்வரும் பஸ் காசும், துணைக்குப் போகிறவரின் நாட்சம்பளமும் யார் தருவது? அதற்குத்தான் இந்தப் பணம். 50 ரூபாயானாலும் போடுங்கள். கணக்கை அன்று மாலையே இந்தக் குழுவில் போடுவோம்.

வருகிறவர்கள் பெயரைக் கீழே எழுதுங்கள். மழை வரும், குடை கொண்டு வாங்க.