‘முற்றிலும் அழிந்தவை’ என்று எழுதும் முன்: புதைபடிவக் காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் புதைபடிவங்களுக்கான பெயர்ப்பலகைகளை எழுதுவோருக்கும், தொல்லுயிரியல் பாடநூல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

அண்மையில் ஒரு காட்சிக்கூடத்தில், சேறு படிந்து இறுகி உருவாகும் ஷேல் என்ற பாறையின் கையகலத் துண்டு ஒன்றின் முன் நெடுநேரம் நின்றிருந்தேன். கரிய பாறையின் மேல் பென்சிலால் கிறுக்கியது போன்ற, வெள்ளி மினுக்கம் கொண்ட கோடுகள். சற்றுக் குனிந்து, விளக்கொளி சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ரம்பப் பற்கள் வரிசையாகத் தெரிந்தன. அருகிலிருந்த பலகையில் மூன்றே வரிகள் இருந்தன: ‘கிராப்டோலைட்டுகள். முற்றிலும் அழிந்துபோன கூட்டுயிர்க் கடல் விலங்குகள். குழியுடலிகளுக்கு உறவானவை.’ இவற்றில் இரண்டாவது வரி பாதிதான் உண்மை. மூன்றாவது வரியோ 1949-ஆம் ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்டிருக்கவே கூடாதது. அந்தக் கூடத்தைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே வரிகளைச் சிறுசிறு சொல்மாற்றங்களோடு பாடநூல்களிலும் பார்த்து அலுத்துவிட்டதால்தான் உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

இந்த உயிர்களைப் பற்றிய குழப்பம் அவற்றின் பெயரிலேயே தொடங்குகிறது. 1735-இல் உயிர்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் ‘கிராப்டோலித்தஸ்’ என்ற பெயரை உருவாக்கியபோது, புதைபடிவம் போலத் தோன்றினாலும் உண்மையில் புதைபடிவம் அல்லாத பாறைக் கோலங்களையே அதனால் குறித்தார். ‘எழுதப்பட்ட கல்’ என்பது அதன் பொருள். 1768-இல் வெளிவந்த பதிப்பில் அவர் அப்பெயரின் கீழ் ‘ஸ்காலாரிஸ்’, அதாவது ஏணி போன்றது, என்று குறித்த ஒன்று மெய்யான கிராப்டோலைட்டாக அமைந்துவிட்டது. விலங்கே அல்லாதவற்றுக்கென்று வைத்த பெயர் ஒரு விலங்குக் குழுவுக்கு நிலைத்துவிட்டதை வகைப்பாட்டியலின் சிறு குறும்பு என்றே சொல்லத் தோன்றுகிறது. அதன்பின் வந்தவர்களில் சிலர் இவற்றைச் செடிகள் என்றனர், சிலர் கணவாய் இனத்தைச் சேர்ந்த தலைக்காலிகளின் ஓடுகள் என்றனர், வேறு சிலர் பாசி போலப் படரும் கூட்டுயிர்களான பாசிவிலங்குகள் என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைட்ராவின் உறவினர்களான குழியுடலிகள் என்ற கருத்து வலுப்பெற்றது. உங்கள் பலகை இன்னும் அங்கேயே நிற்கிறது.

அந்த முன்னோடிகளை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் கையிலிருந்தவை பெரும்பாலும் நசுங்கித் தட்டையாகிக் கரிப்படலமாக மாறிய எச்சங்கள்தாம். கிராப்டோலைட் என்பது ஒரு தனி உயிரன்று. பல சிற்றுயிர்கள் வரிசையாகக் குடியிருந்த குழாய்க் குடியிருப்பு. ஒவ்வொரு சிற்றுயிருக்கும் ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணங்களின் வாய்களே நாம் காணும் ரம்பப் பற்கள். ஒரே குடியிருப்பு பக்கவாட்டில் நசுங்கினால் ரம்பமாகவும், முன்புறமாக நசுங்கினால் ஏணியாகவும் தெரியும். போதாக்குறைக்கு, பாறை பலகைக்கல்லாக இறுகும்போது ஒரு திசையில் இழுபடுமானால், இழுப்பின் திசையில் கிடந்த மாதிரி நீண்டு மெலிந்தும், குறுக்கே கிடந்த மாதிரி குறுகி அகன்றும் போய்விடும். ஒரே கல்லில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஒரே இனத்தின் இரண்டு மாதிரிகள் அளவுகோலுக்கு இரண்டு இனங்களாகக் காட்சிதரும். புதைபடிவ வகைப்பாட்டில் பெயர்கள் பெருகுவதற்கு உயிரின் வேறுபாடு மட்டும் காரணமாவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்தப் பாடத்தைக் கற்பிக்கக்கூடிய கல் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பலகைதான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கருத்தைப் புரட்டிப்போட்டவர் போலந்து நாட்டுத் தொல்லுயிரியலாளர் ரோமன் கொஸ்லோவ்ஸ்கி. தட்டையான ஷேல் மாதிரிகளை விட்டுவிட்டு, சக்கிமுக்கி வகையைச் சேர்ந்த சிலிக்காக் கற்களுக்குள் நசுங்காமல் தங்கியிருந்த கிராப்டோலைட்டுகளை அவர் தேடிச்சென்றார். அந்தக் கற்களை ஹைட்ரோஃபுளுரிக் அமிலத்தில் இட்டால் சிலிக்கா முழுவதும் கரைந்துபோகும். கரிமப் பொருளாலான குழாய்கள் மட்டும், ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே முப்பரிமாண வடிவில், அடியில் தங்கும். அவற்றை எடுத்து, உயிரியல் ஆய்வகத்தில் இன்றைய திசுவை நறுக்குவதுபோல மெல்லிய சீவல்களாக நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் வைத்து, உள்ளமைப்பை மீட்டுருவாக்கினார். போருக்குப் பின் 1949-இல் வெளிவந்த அவரது பெருநூல் இந்த உயிர்களை வேறொரு குடும்பத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர் கண்டது என்ன? குழாய்ச் சுவர் ஒரே வார்ப்பாக இல்லை. அரைவளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இரு பக்கத்து அரைவளையங்களும் சந்திக்கும் இடத்தில் வளைந்து வளைந்து செல்லும் ஒரு தையல் ஓடுகிறது. சிற்றுயிர்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருத்த தண்டு ஒன்று உள்ளே செல்கிறது. இதே அரைவளையம், இதே வளைந்த தையல், இதே கருந்தண்டு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த விலங்கு இன்றைய கடலிலும் இருக்கிறது. 1869-இல் ஆல்மன் என்ற உயிரியலாளர் விவரித்த ‘ராப்டோப்ளூரா’தான் அது. கடலடியில் இறந்த சிப்பிகளின் ஓடுகள் மீதும் கற்கள் மீதும் படர்ந்து வாழும் இதன் சிற்றுயிர் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை. இரண்டு கைகளில் வரிசையாக உணர்கொம்புகள். தலைப்பகுதியில் ஒரு தட்டு. அந்தத் தட்டிலிருந்து சுரக்கும் பொருளைக் கொண்டே தன் குழாயை வளையம் வளையமாகக் கட்டிக்கொள்கிறது. இது அரைநாணிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தது. நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளுக்கு மிக நெருங்கிய உறவினராகவும், நம்மையும் உள்ளடக்கிய முதுகுநாணிகளுக்குச் சற்றே தூரத்து உறவினராகவும் அமைந்த தொகுதி அது. குழியுடலிகளோ விலங்கு மரத்தின் வேறொரு கிளையில் எங்கோ இருக்கின்றன.

கொஸ்லோவ்ஸ்கியின் முடிவை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கிராப்டோலைட் குழாயின் வெளிப்புறத்தில் கெட்டியான ஒரு மேலுறை உண்டு. வெளிப்புறம் முழுவதும் உறை போர்த்தியிருக்க வேண்டுமானால் குழாய்க்கு வெளியிலும் உயிருள்ள திசு மூடியிருந்திருக்க வேண்டுமே என்ற ஐயம் நியாயமானதுதான். அந்த ஐயம் மின்னணு நுண்ணோக்கி வந்தபின் விலகியது. 1972-இல் டோ, உர்பானெக் என்ற ஆய்வாளர்கள் அந்தச் சுவரில், விலங்குத் திசுக்களில் காணப்படும் புரதமான கொலாஜன் போன்ற இழைகளைக் காட்டினார்கள். 1977-இல் குரோதர், ரிக்கர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மேலுறையை உற்றுநோக்கியபோது, அது காயத்துக்குத் துணிக்கட்டுப் போட்டதுபோல, குறுகிய பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து படிந்ததால் உருவானது என்று தெரிந்தது. சிற்றுயிர் தன் கிண்ணத்தைவிட்டு வெளியே எட்டி, தலைத் தட்டால் குடியிருப்பின் மேல் பூசிவிட்டுப் போன தடங்களாகவே அந்தப் பட்டைகளை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். எலும்பு கிடைப்பதுண்டு, ஓடு கிடைப்பதுண்டு; ஒரு விலங்கு வேலை செய்துகொண்டிருந்த கையசைவு நாற்பது கோடி ஆண்டுகளைத் தாண்டிப் படிந்து கிடப்பது எத்தனை முறை வாய்க்கும்? அந்தப் பட்டைகளின் பெரிதாக்கிய படம் ஒன்றையாவது உங்கள் சுவரில் மாட்டலாம்.

கடைசிப் படி 2013-இல் நிகழ்ந்தது. மிட்செல், மெல்சின், கேமரன், மாலெட்ஸ் ஆகியோர் இவ்வுயிர்களின் பண்புகளை முறைப்படி ஒப்பிட்டுக் கிளைவழி ஆய்வு செய்தபோது, ராப்டோப்ளூரா கிராப்டோலைட்டுகளுக்கு வெளியே நிற்கும் ஒன்றுவிட்ட உறவாக அமையாமல், கிராப்டோலைட் கிளைக்குள்ளேயே வந்து அமர்ந்தது. தண்டு இணைப்பு இல்லாத மற்றோர் அரைநாணியான ‘செஃபலோடிஸ்கஸ்’ மட்டும் அந்தக் கிளைக்குப் பக்கத்தில் நின்றது. அப்படியானால் கிராப்டோலைட் குழு முற்றிலும் அழியவில்லை. அதன் ஒரு கிளை இன்றும் கடலடியில் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘கிராப்டோலைட்டுகள் அழியவே இல்லை’ என்று பலகையை மாற்றிவிடாதீர்கள். அதுவும் அதே அளவு தவறு. காட்சிக்கு வைக்கப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை மிதவை வாழ்க்கைக்கு மாறிய கிளையைச் சேர்ந்தவை. ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியை விட்டு நீரில் மிதக்கத் தொடங்கிய இந்தக் கிளை, அக்காலத்தின் முடிவில் நேர்ந்த பேரழிவில் மயிரிழையில் தப்பி, சிலூரியன் காலத்தில் மீண்டும் பெருகி, டெவோனியன் காலத்தின் முற்பகுதியில் அற்றுப்போனது. கடலடியில் புதர்போல் வளர்ந்த கிளைகளோ ஆர்டோவிசியனுக்கு முந்தைய கேம்பிரியன் காலத்தின் நடுவில் தோன்றி, டெவோனியனுக்கு அடுத்த கார்பானிஃபெரஸ் காலம்வரை புதைபடிவங்களாகக் கிடைக்கின்றன. ஆக, அழிந்தது எது, தொடர்ந்தது எது என்பதை ஒரே சொல்லில் அடக்க வழியில்லை.

மிதவைக் கிளையின் பெருமை அதன் பரவலில் இருக்கிறது. விரைவாக மாறிய, பல கடல்களில் ஒரே நேரத்தில் பரவிய இந்த இனங்களைக் கொண்டே சார்லஸ் லாப்வொர்த் என்ற பள்ளி ஆசிரியர் தெற்கு ஸ்காட்லாந்தின் மடிந்து நொறுங்கிய கரிய ஷேல் அடுக்குகளைப் பிரித்துப் படித்தார். பெருந்தடிமன் கொண்ட தொடர் என்று எண்ணப்பட்டது உண்மையில் சில மெல்லிய அடுக்குகள் மடிந்து மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதுதான் என்று 1878-இல் காட்டினார். மறு ஆண்டே ஆர்டோவிசியன் என்ற காலப்பெயரை முன்வைத்தார். சிலூரியன் காலத்தின் தொடக்கம் இன்றும் அவர் ஆராய்ந்த டாப்ஸ் லின் என்ற இடத்தில், கிராப்டோலைட்டைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. டெவோனியன் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் செக் நாட்டு க்ளோங்க் பாறைமுகத்துக்கும் அடையாளம் ‘மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ்’ என்ற கிராப்டோலைட்தான். காலத்தை அளக்க உதவுபவை என்று உங்கள் நூல்கள் சரியாகவே சொல்கின்றன. அளவுகோலாக மட்டும் பார்த்துப் பழகியதால்தான் அவை விலங்குகள் என்பதே பல நூல்களில் மறந்துபோய்விட்டதோ என்று எனக்கு ஐயமுண்டு.

‘சிறுவர்களும் வந்து படிக்கிறார்கள், எளிமையாக எழுத வேண்டாமா’ என்று நீங்கள் கேட்கலாம். எளிமைக்கு நான் எதிரியல்லன். ஆனால், கூட்டுயிர் என்ற ஒரே காரணத்துக்காகப் பவளங்கள், பாசிவிலங்குகள், கிராப்டோலைட்டுகள் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, ஒரே பலகையில் எழுதுவது எளிமையாகாது. கூட்டமாக வாழ்வது ஒரு வாழ்க்கை முறை. பல விலங்குத் தொகுதிகள் அதைத் தனித்தனியே கைக்கொண்டன. அதை உறவின் சான்றாக வைத்தால் பறவையையும் வௌவாலையும் ஒரே குடும்பம் என்று சொல்வதைப் போலாகிவிடும். ஸ்ட்ரோமடோபோராய்டுகள் என்ற புதைபடிவ உயிர்கள் நினைவுக்கு வருகின்றன: குழியுடலிகள் என்று நெடுங்காலம் எழுதப்பட்ட அவை, சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் கடற்பஞ்சுகள் இன்றைய பவளப்பாறைக் குகைகளில் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகு, கடற்பஞ்சுகளின் வரிசைக்கு மாற்றப்பட்டன. அங்கும் தீர்ப்பு மாறியதற்கு உயிருள்ள ஓர் உறவினரே காரணம்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மிகச் சிறியவை. குழியுடலி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எந்தக் கிளை அழிந்தது என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்தச் சான்றை வைத்து இவ்வுயிரை அரைநாணி என்கிறோம் என்பதற்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள். முடியுமானால் பாறைத் துண்டின் பக்கத்தில் ஒரு உருப்பெருக்கியையும், சாய்வாக ஒளிவீசும் சிறு விளக்கையும் வையுங்கள். நேர் ஒளியில் அந்தக் கோடுகள் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன, வருவோரில் பலர் வெறுங்கல் என்று எண்ணிக் கடந்துபோவதைக் கண்ணால் பார்த்தேன்.

பலகைக்கான வாசகத்தையும் எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தியோ அப்படியேயோ பயன்படுத்திக்கொள்ளலாம்:

‘கிராப்டோலைட்டுகள். குழாய்க் குடியிருப்புகளைக் கட்டி வாழ்ந்த கூட்டுயிர்க் கடல் விலங்குகள், அரைநாணிகள் தொகுதி. இந்தக் கல்லில் உள்ளவை நீரில் மிதந்து வாழ்ந்த கிளையைச் சேர்ந்தவை. அக்கிளை டெவோனியன் காலத்தின் முற்பகுதியில் அழிந்தது. ஒவ்வொரு ரம்பப் பல்லும் ஒரு சிற்றுயிரின் வீட்டு வாசல். அரைவளையங்களால் ஆன இவற்றின் குழாய்ச் சுவரைப் போன்ற சுவரை, இன்றும் கடலடியில் வாழும் ராப்டோப்ளூரா கட்டுகிறது.’

இப்படிக்கு,
உங்கள் கூடங்களுக்குத் தவறாமல் வந்துபோகும் ஒரு பார்வையாளன்