உலாவியிடம் பெயர் கேட்காதீர்கள்

இணையதளம் உருவாக்கும் நிரலாளர்களுக்கு,

"உங்கள் உலாவி பழையது, புதுப்பித்துவிட்டு வாருங்கள்" என்று உங்கள் தளங்கள் இன்னமும் ஆட்களைத் திருப்பி அனுப்புகின்றன. அதற்கு நீங்கள் நம்புவது பெரும்பாலும் யூசர் ஏஜென்ட் வரியை, அதாவது உலாவி தன் பெயரையும் பதிப்பையும் சொல்லித் தளத்துக்கு அனுப்பும் வரியை. அந்த வரியின் யோக்கியதை உங்களுக்குத் தெரியாததா? குரோம் அதில் தன்னை மோசில்லா என்கிறது, சஃபாரி என்றும் சொல்லிக்கொள்கிறது. 2009-ல் ஓபெரா 10 வந்தபோது, எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதைப் பதிப்பு 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியின்றி ஓபெரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டது. உலாவிகளுக்குப் பொய் பேசப் பழக்கியது நம் தொழில்தான்.

சரி, ஜாவாஸ்கிரிப்டின் பதிப்பையே கேட்டுவிடலாமே என்றால், அதற்கும் பொதுவான வழி கிடையாது. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் காலத்தில், பக்கத்தில் நிரலைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் டேகில் 'ஜாவாஸ்கிரிப்ட்1.2' என்று எழுதினால், அது தெரிந்த உலாவி மட்டும் அந்தத் துண்டை ஓட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெட்ஸ்கேப் 4-ல் அப்படி எழுதியதுமே இரட்டைச் சமக்குறி (==) ஒப்பிடும் முன் எண், சரம் போன்ற வகைகளை மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டது! 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்ட் ஆண்டுக்கொரு பதிப்பாக வருகிறது. உலாவிகளோ அதை ஒவ்வொரு வசதியாகத்தான் சேர்க்கின்றன. ஒரு பதிப்பு முழுதாக முடியும் முன்பே அடுத்ததில் சில வந்துவிடும்.

ஆகவே பெயரையோ பதிப்பையோ விட்டு, வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ப்ராமிஸின் ஆல்செட்டில்ட் என்ற செயல்பாடு வேண்டுமா? ஒன்றின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அந்த வசதியை ஈடுகட்டும் நிரலான பாலிஃபில்லைச் சேருங்கள். புதிய சிண்டாக்ஸ், அதாவது மொழியின் எழுத்துமுறைதான் சிக்கல். புரியாத ஒரு குறி இருந்தாலே கோப்பு முழுவதும் ஓடாது. உள்ளே இஃப் எழுதிப் பயனில்லை. பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்சுக்குள், சரத்தை நிரலாக்கும் ஃபங்ஷன் கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு சிறு துணுக்கைச் சரமாகக் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் தளத்தில் எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் சிஎஸ்பி கண்டிப்பாக இருந்தால் அதுவும் தடுக்கப்படும். அப்போது நேற்று வந்த உலாவியைக்கூடப் பழையது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பெரும்பாலான தளங்களுக்கு மாட்யூல், நோமாட்யூல் என்று இரண்டு ஸ்கிரிப்ட் டேக் போதும்: மாட்யூல் தெரிந்த உலாவி முதலாவதை எடுக்கும், தெரியாதது இரண்டாவதை.

ஒன்று மட்டும்: ஒரு வசதியை வைத்து உலாவியின் பெயரை ஊகிக்க வேண்டாம். பக்கத்தின் எல்லா உறுப்புகளையும் தரும் டாக்யுமென்ட்.ஆல் இருந்தால் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு காலத்தில் எழுதிக் குவித்தார்கள். அதன் விளைவு, இன்று அந்தப் பொருள் இருந்துகொண்டே டைப்ஆஃபிடம் 'அன்டிஃபைன்ட்' (வரையறுக்கப்படாதது) என்கிறது.

அடுத்த வெளியீட்டில் அந்தத் தடுப்புப் பக்கத்தை நீக்கிவிடுங்கள். எச்சரித்தே தீரவேண்டுமென்றால் மேலே ஒரு வரி காட்டுங்கள். கீழே பக்கம் திறந்தே இருக்கட்டும்.

அன்புடன்,
சக நிரலாளர் ஒருவர்