மெஷின் போகட்டும், ஆனா ஏன் அப்படி பண்ணுச்சுன்னு நமக்கு தெரியணும்

அம்மிணி,

போன்ல பேசினா நீயும் அவசரத்துல இருப்ப, நானும் பாதியில விட்டுருவேன், அதான் எழுதறேன். போன வாரம் நீ சொன்னியே, இனிமே விண்வெளிக்கு மனுசங்க போயே ஆகணும்னு இல்லப்பா, ஏஐ போகும், அதுவே பார்க்கும், அதுவே முடிவெடுக்கும், நாம இங்க இருந்தா போதும்னு. அதுல பாதி எனக்கு முழு சம்மதம் கண்ணு. மீதி பாதிய பத்தித்தான் உங்கிட்ட சொல்லணும், ஏன்னா நீ அந்த வேலையிலயே இருக்க, நாளைக்கு ஒரு விண்கலத்துக்குள்ள போகப்போற சாஃப்ட்வேர்ல உன் கையும் இருக்கும்.

சம்மதமான பாதிய முதல்ல சொல்லிர்றேன். நிலாவுக்கு சிக்னல் ஒண்ணேகால் செகண்டுல போயிரும், ஆனா செவ்வாய்க்கு பக்கத்துல இருந்தா 3 நிமிசம், தூரத்துல இருந்தா 22 நிமிசம், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். செவ்வாயோட காத்து மண்டலத்துல நுழைஞ்சு தரையில நிக்க மொத்தமே 7 நிமிசம் தான். 2021 பிப்ரவரி 18ல நாசாவோட பெர்சிவியரன்ஸ் ரோவர் செவ்வாய்ல இறங்கினப்ப, இறங்கிக்கிட்டே கீழ போட்டோ எடுத்து, தனக்குள்ள இருந்த மேப்போட ஒப்பிட்டு, நாம எங்க இருக்கோம்னு அதுவே கண்டுபிடிச்சு, பாறை இல்லாத இடமா பார்த்து இறங்குச்சு. அது நுழைய ஆரம்பிச்சிருச்சுன்னு இங்க சேதி வந்தப்ப அது ஏற்கனவே தரையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. அங்க மனுசன் கன்ட்ரோல் பண்ண வழியே இல்ல. அதுவும் இல்லாம நம்ம உடம்பு இருக்கே, எடையில்லாம இருந்தா மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல எலும்பு கரையுது, கதிர்வீச்சு வேற. அதனால முதல்ல மெஷின் போறது தான் நியாயம், அதுல நமக்குள்ள சண்டையே இல்ல.

இப்ப மீதி பாதி. சந்திரயான்-2 ஞாபகம் இருக்கா, 2019 செப்டம்பர் 7, விடிகாலை, நிலாவுல இறங்கவேண்டிய லேண்டர் விழுந்துருச்சுன்னு ஊரே அழுதுச்சே. அது ஏன் விழுந்துச்சுன்னு பின்னாடி இஸ்ரோ தலைவரா இருந்தப்ப சோமநாத் சார் விளக்கமா சொன்னாரு, அத நான் ரொம்ப கவனமா படிச்சேன். அஞ்சு இன்ஜின், அஞ்சும் எதிர்பார்த்தத விட கொஞ்சம் அதிகமா தள்ளிருச்சு. போட்டோ எடுக்கறதுக்காக லேண்டர் ஆடாம இருக்கவேண்டிய கட்டம் அது, அதனால பிழை எல்லாம் உடனே சரியாகாம சேர்ந்துக்கிட்டே போச்சு. அடுத்த கட்டத்துல வேகமா திரும்பி சரி பண்ண பார்த்தா, இவ்வளவு வேகத்துக்கு மேல திரும்பாதேன்னு சாஃப்ட்வேர்லயே ஒரு அளவு போட்டிருந்தாங்க. இதுக்கும் மேல, இறங்கவேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர், அவ்வளவு சின்ன இடம். தரை கிட்ட வந்துருச்சு, ஆனா அந்த இடம் இன்னும் தூரத்துல, அதனால அங்க போய் சேரணும்னு வேகத்த கூட்டிக்கிட்டே போச்சு.

இத படிச்சப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது அம்மிணி. அது சொல் பேச்சு மீறல. சொன்னத அப்படியே கடைசி வரைக்கும் செஞ்சுது. அந்த இடம் வேண்டாம், உயிர் தப்பினா போதும், பக்கத்துல எங்கயாவது இறங்குன்னு அதுக்கு யாரும் சொல்லி வெக்கல.

அடுத்த தடவை, சந்திரயான்-3ல, திட்ட இயக்குநரா இருந்த நம்ம விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலோட டீம் என்ன பண்ணுச்சு பாரு. எப்படி ஜெயிக்கும்னு யோசிக்காம, எது எது கெட்டுப்போகும்னு வரிசையா யோசிச்சாங்க. சென்சார் போனா என்ன, இன்ஜின் போனா என்ன, கணக்கு தப்பானா என்னன்னு. இறங்கற இடத்த சுமாரா 4 கிலோமீட்டருக்கு ரெண்டரை கிலோமீட்டர்னு பெருசாக்கினாங்க, லேண்டரோட கால்கள கெட்டியாக்கினாங்க, எரிபொருள் கூட வெச்சாங்க, வேகத்த நேரடியா அளக்க லேசர் கருவி சேர்த்தாங்க. நிலா மண்ணு மாதிரியே ஒண்ண செஞ்சு அதுல சோதனை பண்ண நம்ம நாமக்கல் சித்தம்பூண்டி பாறைய டன் கணக்குல கொண்டு போனாங்கல்ல, அந்த வேலையும் இதுல சேர்த்தி தான். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் கடைசி பத்தொன்பது நிமிசம் போல பெங்களூர்ல யாரும் அத ஓட்டல, லேண்டர் தானே முடிவெடுத்து இறங்குச்சு.

இதெல்லாம் ஏஐ இல்லப்பா, எழுதி வெச்ச ப்ரோக்ராம்னு நீ சொல்லுவ. அதே தான் நானும் சொல்ல வர்றேன். எழுதி வெச்ச ப்ரோக்ராமா இருந்ததால தான் விழுந்ததுக்கு அப்புறம் திறந்து பார்த்து, இதெல்லாம் தான் காரணம்னு விரல் வெச்சு காட்ட முடிஞ்சுது, நாலு வருசத்துல சரி பண்ணவும் முடிஞ்சுது. 1999 மே மாசம் நாசாவோட டீப் ஸ்பேஸ் 1 கலத்த ரிமோட் ஏஜென்ட்னு ஒரு ஏஐ ஓட்டுச்சு, நடுவுல ஒரு இடத்துல சிக்கி நின்னுருச்சு, தரையில அத்தனை டெஸ்ட் பண்ணியும் வெளிவராத பிழை. அதையும் சில மணி நேரத்துல கண்டுபிடிச்சாங்க, ஏன்னா உள்ள என்ன இருக்குன்னு படிக்க முடிஞ்சுது. இப்ப நீங்க பண்றது தானா கத்துக்கற சமாச்சாரம், கோடி கோடி நம்பர், அத திறந்தா எந்த நம்பர் தப்புன்னு யாராலயும் சொல்ல முடியறதில்ல. இறங்கறதுல அது நம்ம ப்ரோக்ராம விட கெட்டிக்காரனா இருக்கலாம், நான் மறுக்கல. விழுந்தா ஏன் விழுந்துச்சுன்னு தெரியாம அடுத்தத எப்படி அனுப்புவீங்க? அதுல நாலு பேர உக்கார வெச்சு எப்படி அனுப்புவீங்க? எனக்கு மனுசங்க போகணும் கண்ணு, நிலாவுல தங்கணும், செவ்வாய்க்கும் போகணும். அதனால தான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

விண்கலத்துல சேஃப் மோட்னு ஒண்ணு இருக்குல்ல, உனக்கு தெரியாததா. ஏதோ சரியில்லன்னு பட்டா எல்லா வேலையையும் நிறுத்திட்டு, சோலார் பேனல சூரியன் பக்கம் திருப்பி, ஆன்டெனாவ பூமி பக்கம் திருப்பி, நம்ம பதிலுக்காக காத்துக்கிட்டு இருக்கும். எனக்கு அதுல ஒரு பெரிய மரியாதை. 1977ல போன நாசாவோட வாயேஜர் 1 கலம், 2023 நவம்பர்ல புரியாத சேதியா உளற ஆரம்பிச்சப்ப, ஒரு சேதி போகவே இருபத்திரண்டரை மணி நேரம், பதிலுக்கு இன்னொரு இருபத்திரண்டரை, அப்படியும் பொறுமையா இருந்து கெட்டுப்போன சிப்ல இருந்த ப்ரோக்ராம் கோட வேற இடத்துக்கு மாத்தி பேச வெச்சாங்களே. கேக்கறதுக்கு ஆள் இருக்கற வரைக்கும் இது நடக்கும். ஆனா பக்கத்து நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு, ஒரு கேள்விக்கு பதில் வர எட்டு வருசத்துக்கு மேல. அங்க காத்துக்கிட்டு நிக்க முடியாது, எல்லாத்தையும் அதுவே முடிவு பண்ணும். அதனால தூரமா போகப்போக, என்ன சொல்லி அனுப்பறோம்ங்கறது தான் எல்லாமே, எத விட்டுரலாம்னு சொல்லி அனுப்பறதும் அதுல சேர்த்தி.

அதனால ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், நிதானமா பதில் எழுது, மெசேஜ்ல ரெண்டு வரி போடாதே. உங்க டீம்ல, குறிக்கோள கைவிட்டுட்டு கலத்த காப்பாத்துன்னு சொல்ற அந்த எல்லைய யாரு முடிவு பண்றாங்க, மனுசன் உக்காந்து எழுதறானா, இல்ல அதையும் மெஷினே கத்துக்கிட்டு வரட்டும்னு விட்டுட்டீங்களா? மெஷின்கிட்ட விட்டிருந்தா, அடுத்த மீட்டிங்ல எழுந்து நின்னு இத கேளு அம்மிணி. புதுசா சேர்ந்த பொண்ணுன்னு தயங்காத.

அப்பா