நோட்டீஸ் வந்துவிட்டது, பூட்டு எப்போது மாறும்?

மதிப்பிற்குரிய பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும், சட்டப் பிரிவினருக்கும்,

வணக்கம். உங்கள் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம். அதில் என் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, எப்படி எழுதினாலும் அது நான்தான்.

விவரம் முழுக்க உங்களிடம் இருப்பதால் பழைய கதையை நீட்டவில்லை. போனிலிருந்து திறக்கும் உங்கள் கதவுப் பூட்டின் குறியாக்கத்தில், அதாவது செய்தியை ரகசியமாக்கும் முறையில், ஓட்டை இருக்கிறது என்று 11 பக்க அறிக்கை அனுப்பினேன். ஓட்டையை வெளியில் சொல்லும் முன், சரிசெய்ய 90 நாள் பொறுத்திருப்பது இந்தத் துறையில் வழக்கம், பொறுத்திருந்தேன். அந்த 90 நாளில் வந்த பதில் இரண்டு. முதலாவது, 'தொடர்பு கொண்டதற்கு நன்றி' என்று கணினியே அனுப்பியது. இரண்டாவது, வாடிக்கையாளர் சேவையில் யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதியது: "பூட்டின் பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்." அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். என் அறிக்கையைப் படித்தவர்களுக்கு ஏன் என்று புரியும். அதனால்தான் உங்கள் பக்கத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை என்று எனக்கும் புரிந்தது. 97-ஆம் நாள் நோட்டீஸ்.

இந்த மடலில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. உங்களுக்குப் பயந்து அல்ல. அந்தப் பூட்டை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்து. மடல் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பூட்டைச் சரிசெய்யுங்கள், வாங்கியவர்களிடம் சொல்லுங்கள்.

கோளாறு எளிமையானது, அதுதான் வருத்தமே. உங்கள் பூட்டுகள் மூன்றை என் காசில் வாங்கி மேசையில் வைத்தேன். பக்கத்தில் ரேடியோ அலையைப் பிடிக்கிற ஒரு சின்னக் கருவி. போனிலிருந்து 'திற' என்று அனுப்பி, காற்றில் போவதைப் பதிந்துகொண்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி அனுப்பிப் பதிந்தேன். இரண்டு பதிவையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்து எக்ஸார் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் பூஜ்ஜியம் காட்டும் கணக்கு அது. நல்ல குறியாக்கத்தில் அங்கே குப்பை மாதிரி எண்கள்தான் வர வேண்டும். எனக்குக் கிடைத்தது பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம், வரி முடியும் வரை பூஜ்ஜியம். எங்கோ தப்பாக நகலெடுத்துவிட்டேன் என்று நினைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். மறுபடியும் அதே வரி.

உங்கள் சைஃபர், அதாவது குறியாக்கக் கணக்கு, செய்தியோடு ஒரு மர்ம எண்தொடரைக் கலந்து அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் புதுத் தொடர் வர வேண்டும். அதற்காகத்தான் பூட்டுக்குள் ஒரு எண்ணிக்கை ஓடுகிறது. பேட்டரி போனால் அந்த எண்ணிக்கையும் போய்விடுகிறது, பழையபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பம். அப்புறம் என்ன, பழைய தொடர்களே வரிசையாகத் திரும்ப வருகின்றன. முன்பு பேட்டரி மாற்றிய நாளில் வாசலில் நின்று பதிந்துகொண்ட ஒருவர், அடுத்த தடவை மாற்றிய பிறகு அதை அப்படியே திருப்பி அனுப்பினால் போதும். பூட்டு மரியாதையாகத் திறந்துவிடுகிறது. 20 தடவை செய்து பார்த்தேன், 20 தடவையும் திறந்தது. நீங்கள் பெட்டியின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் அந்த 128 பிட் சாவியை நான் தொடவே இல்லை. தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

மன்னிக்க வேண்டும், இதில் ஒரு புதுத் தவறைக்கூட நீங்கள் செய்யவில்லை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய சாவித் தாள்களை சோவியத் தரப்பு 1942-இல் இரட்டை நகலாக அச்சடித்தது. வெனோனா திட்டத்தில் அமெரிக்கர்கள் அவர்களுடைய ரகசியச் செய்திகளில் ஒரு பகுதியைப் படித்தது அந்தத் தவறால்தான். 1997-இல் வைஃபைக்கு என்று வந்த வெப் (WEP) என்ற பாதுகாப்பு முறையில், தொடரை மாற்றித் தரும் எண்ணுக்கு வெறும் 24 பிட்தான் ஒதுக்கினார்கள். அது சீக்கிரம் தீர்ந்து, திரும்பத் திரும்ப வந்தது. அதில் இருந்த ஆர்சி4 சைஃபரின் பலவீனமும் சேர்ந்துகொள்ள, 2007-இல் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்கள். 2017-இல் வைஃபை மேல் கிராக் (KRACK) என்ற தாக்குதல் வந்ததே, அதில் சைஃபர் நல்ல சைஃபர்தான். எண்ணிக்கையை மட்டும் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப வைத்தார்கள், அவ்வளவுதான். அதனால்தான் அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: சைஃபரை மாற்றுங்கள், எண்ணிக்கையை பேட்டரி போனாலும் அழியாத நினைவகத்தில் வையுங்கள். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை. (சைஃபரிலேயே தனியாக ஒரு பலவீனம் இருக்கிறது, எண்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. அது எட்டாம் பக்கம். நோட்டீஸை நிறுத்திய பிறகு படித்தால் போதும்.)

இனி உங்கள் நோட்டீஸுக்கு வருகிறேன். 'எங்கள் குறியாக்க முறை வணிக ரகசியம், அதை நீங்கள் ஆராய்ந்ததே தவறு' என்கிறீர்கள். எதிரிக்கு முறை முழுவதும் தெரிந்தாலும் பாதகமில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், அப்படித்தான் ஒரு முறையை அமைக்க வேண்டும் என்று குறியாக்க அறிஞர் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதியது 1883-இல். மின்விளக்கே வீடுகளுக்குச் சரியாக வந்திராத காலம். உங்களிடமோ முறை ரகசியம், கதவுதான் ஊரறியத் திறக்கிறது.

வழக்குப் போட்டு ஓட்டையை அடைக்கப் பார்த்த முதல் ஆளும் நீங்கள் இல்லை. பயணச் சீட்டாகவும் கதவு திறக்கவும் பயன்பட்ட மைஃபேர் கிளாசிக் அட்டையின் 48 பிட் சைஃபரை நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழகத்தார் 2008-இல் உடைத்தபோது, சில்லைத் தயாரித்த நிறுவனம் கட்டுரையைத் தடுக்க நீதிமன்றம் போனது. ஆர்னம் நீதிமன்றம் தடை தரவில்லை. கட்டுரையால் அல்ல, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வந்த நஷ்டம் அது என்பதுதான் தீர்ப்பின் சாரம். கார் சாவிகளில் இருந்த மெகாமோஸ் சைஃபர் விஷயத்தில் 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடை கொடுத்தது, சரி. 2015-இல் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு முழுக் கட்டுரையும் வெளிவந்தது. இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அந்தக் கார்களின் சாவிகள் தானாக நல்ல சாவிகள் ஆகிவிடவில்லை.

உங்களுக்கு இதெல்லாம் பழங்கதை. எனக்கு இதில் உண்மையில் வலிப்பது வேறு.

என் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். தனியாக இருக்கிறவர். கைவிரல் மூட்டு வலி, சாவியைத் திருப்ப முடியாது. மகள் உங்கள் பூட்டை வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மாட்டிய அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, நீ இந்தப் பூட்டு சமாச்சாரம்தானே படிக்கிற? இது நல்லதுதானே?"

அப்போது என் அறிக்கை உங்களிடம் வந்து ஆறு வாரம். "பார்க்க நல்லா இருக்கு அக்கா" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான். சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள், அதற்குள் எதற்கு அவரைப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது நோட்டீஸ் வந்துவிட்டது. இந்தப் பொருளைப் பற்றி 'எந்த மூன்றாம் நபரிடமும்' வாய்திறக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்துச் சட்ட ஆலோசகரும், தீரும் வரை பேசாமல் இருங்கள் என்கிறார். ஆக, அக்கா மூன்றாம் நபர். அவர் கதவுக்கு அவரே மூன்றாம் நபர்.

தினமும் காலையில் வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பூட்டுதான். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

எங்கள் வேலையைப் பற்றி உங்களுக்கு ஏதோ தப்பான படம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சைஃபரை உடைக்கிறவன் என்றால் இருட்டறையில் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்று உங்கள் விளம்பரத்திலேயே படம் போட்டிருக்கிறீர்கள். எங்கள் பெரும்பாலான நாட்கள் எதுவும் உடையாத நாட்கள். மாதக்கணக்கில் ஒரு சமன்பாட்டை முட்டிப் பார்த்துவிட்டு, 'அசையவில்லை' என்று எழுதி வைப்போம். அந்த 'அசையவில்லை'தான் நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள். 1997-இல் அமெரிக்க அரசு புதுக் குறியாக்கத் தரத்துக்குப் போட்டி அறிவித்தபோது 15 முறைகள் களத்துக்கு வந்தன. உலகம் முழுக்க இருந்து அடித்துப் பார்த்தார்கள், ஐந்து மிஞ்சின, 2000-இல் ரெய்ன்டால் தேர்வானது. அதுதான் இன்றைய ஏ.ஈ.எஸ். முறை முழுக்க வெளியில் கிடக்கிறது, யாரும் எடுக்கலாம், காசு கிடையாது. இதை விட்டுவிட்டு ஆளில்லாத அறையில் சொந்தமாக ஒன்று செய்து, 'ராணுவத் தரம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவது எந்த ராணுவத்தை நம்பி என்று தெரியவில்லை. எந்த ராணுவம் என்றும் ஸ்டிக்கரில் போடுங்கள், அவர்களுக்கும் ஒரு அறிக்கை அனுப்பி வைக்கிறேன்.

உடைந்தால் அவமானம் என்று நினைக்கிறீர்களா? 2011-இல் முன்வைத்த ஒரு கணித யோசனையின் மேல் கட்டிய சைக் என்ற முறை, குவாண்டம் கணினிக்கும் தாங்கும் என்று நம்பி, தரப்படுத்தும் போட்டியின் நான்காம் சுற்று வரை போனது. 2022-இல் காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர், சாதாரணக் கணினிச் செயலியின் ஒரே ஒரு கோரை வைத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதன் ஒரு வடிவத்தை உடைத்தார்கள். சைக்கை உருவாக்கியவர்கள் வக்கீலைப் பார்க்கப் போகவில்லை. இது பாதுகாப்பில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே எழுதி வைத்தார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு இருக்கும் மரியாதை அதனால் ஒரு துளி குறையவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைத் தாழ்மையாகவே கேட்கிறேன். பூட்டைச் சரிசெய்யுங்கள். பூட்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் எண்ணிக்கையை அழியாமல் வைக்கும் திருத்தம், உங்கள் பொறியாளர்களுக்குச் சில நாள் வேலை. எப்படிச் செய்யலாம் என்று பத்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சைஃபரை மாற்ற நாளாகும் என்றால் ஆகட்டும், தேதி சொல்லுங்கள், காத்திருக்கிறேன். வாங்கியவர்களிடம் சொல்லுங்கள். என்னிடம் நன்றி சொல்ல வேண்டாம், பரிசு வேண்டாம், அறிக்கையில் என் பெயரும் வேண்டாம். நோட்டீஸைத் திரும்பப் பெறுவது உங்கள் விருப்பம். பெறாவிட்டால் சட்டப்படி பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். என்மேல் வழக்கு நடக்கட்டும், அது பாட்டுக்கு அது. பூட்டு சரியாகட்டும்.

ஒரு சின்ன அவசரமும் இருக்கிறது. எதிர்வீட்டுப் பூட்டில் ஐந்து நாளாகச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. பேட்டரி தீரப் போகிறது. மாற்றித் தரச் சொல்லி அக்கா புது பேட்டரியையே வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார். இது வேற அளவு அக்கா, கடையில் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எடுத்து வந்து என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். சரியான அளவுதான். இன்னும் எத்தனை நாள் இப்படிச் சொல்லலாம் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
11 பக்க அறிக்கையை அனுப்பியவன்