கொப்பு சீவும் மெஷினும் வீட்டுப் பலாவும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுப் பலா மரத்தை வெட்டுவதா என்று போனில் கதைத்தால் சண்டையில் முடியும் என்றுதானே எழுதிப் போட்டிருக்கிறீர்கள்? பலாவுக்குப் பிறகு வருகிறேன், முதலில் என் வளவுக் கதையைக் கேளுங்கள்.

2025 மார்ச் கடைசியில் இங்கே கனடாவில் பீற்றர்பரோ, ஒறிலியா பக்கமெல்லாம் உறைமழை பெய்தது. மழைதான், ஆனால் பட்ட இடத்திலேயே ஐஸாகிவிடும். பாரம் தாங்காமல் இரவிரவாக மேப்பிள் கொப்புகள் முறிந்தன. வண்டு அரித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் வேறு. விழுந்ததெல்லாம் வேலியோரம் இன்னும் குவிந்து கிடக்கிறது. கொப்பை உள்ளே விட்டால் சீவித் துப்புகிற மெஷின் ஒன்று இருக்கிறது, சிப்பர் என்பார்கள். அதைத்தான் இப்போது தேடித் திரிகிறேன்.

கறண்டில் ஓடுவது மலிவு, ஆனால் முருங்கைக்காய்த் தடிப்புக்கு மேல் திணறும். பெற்றோலில் ஓடும் சின்ன மெஷினில் 3 அங்குலத் தடிப்பு வரை என்று ஒட்டியிருக்கும். அது நேரான பச்சைக் கொப்புக்கு. இரண்டாகப் பிரிந்து கவர்விட்ட கொப்பு மெஷின் வாயிலேயே குறுக்கே நின்றுவிடும், ஒவ்வொரு கவரையும் வாளால் அரிந்து கொடுக்க வேண்டும். காய்ந்த ஆஷ் கத்தியை மழுக்கிவிடும். 6 அங்குலப் பெரியதில் உருளைகளே கொப்பைப் பிடித்து இழுக்கும். என்ஜின் வேகம் விழுந்தால் இழுப்பது நிற்கும், வேகம் ஏறியதும் மறுபடி இழுக்கும். ட்ரக்டரில் பூட்டுவதும் உண்டு, ட்ரக்டருக்கு எங்கே போவது?

பக்கத்து வளவுக் கிழவரிடம் சிப்பர் ஒன்று இருக்கிறது. இரவல் தரமாட்டார், புத்தி மட்டும் தாராளமாகச் சொல்வார். கடைக்கு என்னோடு வந்தவர் என்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, கத்தி விளிம்பில் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். கத்திக்கும் அதற்கு எதிரே பொருத்திய தகட்டுக்கும் நடுவில் இடைவெளி பார்க்கச் சட்டைப்பையிலிருந்த கார்ட் ஒன்றைச் சொருகினார். "இந்தக் கத்தியைத் திருப்பிப் போடலாமா? தீட்டுவதற்கு எத்தனை ஆணி கழற்ற வேண்டும்?" கடைப் பொடியன் முழித்தான்.

நான் வாங்கவில்லை. வருஷத்தில் ஒரு தரம் ஓடுவதற்கு எதற்கு? சனி ஞாயிறு பார்த்துப் பெரியதை வாடகைக்கு எடுக்கப் போகிறேன். காசுக் கஷ்டம் என்று அத்தானிடம் சொல்லிவிடாதீர்கள். வேலை நல்லாகப் போகிறது, இரவு ஷிப்டும் தருகிறார்கள். இரண்டாவது காரை விற்றது நிறுத்த இடமில்லாததால்தான்.

அப்பாவைப் போலச் சாரம் கட்டிக்கொண்டு அந்த மெஷின் கிட்டப் போகவே முடியாது. சாரம், தொளதொளத்த கையுறை, கயிறு எது மாட்டினாலும் ஆளோடு இழுத்துவிடும். கடைசித் துண்டையும் இன்னொரு நீளக் கொப்பால்தான் தள்ள வேண்டும்.

பலாக்கொட்டைக் கறி வைத்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் எழுதினீர்கள் அக்கா? டின்னில் அடைத்த பலாக்காய் வாங்கிச் சமைத்தேன், உப்புத் தண்ணி. கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் போகும்போது கதையை நிறுத்திவிட்டு, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவீர்களே, இப்போதும் அப்படியா? இங்கே கதையை நிறுத்த ஒன்றும் இல்லை, ஆளும் இல்லை.

சரி, பலா. அடியோடு வெட்ட விடாதீர்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா வெட்ட அனுமதி வேண்டும், கிராம சேவகரிடம் கேட்டுக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். மாமி வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்த கொப்புத்தான் பிரச்சினை என்றால், அதை மட்டும் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள். கூலி நான் அனுப்புகிறேன், இந்த மாதம் முடியட்டும்.

மாமியின் மகன் மதிலைத் தள்ளிக் கட்டப் போகிறேன் என்றானாம். நில அளவையாளர் வந்து எல்லை பார்க்காமல் அத்தான் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். காணி உறுதியின் பிரதியை உடனே அனுப்பச் சொல்லுங்கள். என் கையெழுத்துத் தேவையென்றால் ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதுதான் எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், எழுதி அனுப்புகிறேன், அதை உங்கள் பெயருக்கா அத்தான் பெயருக்கா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி